எந்தப் பக்கம் மேலே

பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விடும். நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மங்கரேயில் வேலை முடித்து, ஒனேஹங்காவில் பஸ் மாறி, ஹில்ஸ்பரோ ஏற்றத்தில் நடந்து வீடு வந்து சேர ஐந்தே முக்கால் ஆகிவிடும். இடையில் இருக்கிற அந்த இரண்டே முக்கால் மணி நேரம் மகளை யார் பார்ப்பது என்பதுதான் அந்த வருடம் முழுவதும் என் கவலை. அவளுக்கு ஏழு வயது. பதினான்கு வயது ஆகாத பிள்ளையை இந்த நாட்டில் வீட்டில் தனியே விடக்கூடாது. கோயிலுக்குப் போனால் பெண்கள் அதைப்பற்றியே கதைப்பார்கள். பொலிஸ் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்பார்கள். யாருடைய பிள்ளையைக் கொண்டுபோனது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பயப்பட அவ்வளவு போதும்.

கணவருக்கு நகரத்தின் மறுபக்கம், மாசி என்ற இடத்தில், ஒரு பண்டகசாலையில் வேலை. பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் முறை. ஒரு கார்தான், அது அவரோடு போய்விடும். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது அவர் பொறுப்பு. மூன்று மணி என் பொறுப்பு.

அந்த மூன்று மணியை ஏற்றுக்கொண்டவர் எங்கள் பின்வீட்டுப் பெண். எங்கள் வீட்டைச் சுற்றிப்போகும் அதே சிமெந்துப் பாதையின் முடிவில்தான் அவருடைய வீடு. தாய்வானிலிருந்து வந்தவர்கள். அவருடைய கணவர் பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். முதல் குழந்தை வயிற்றில், எட்டு மாதம். மகள் அவரை 'ஆன்ரி' என்பாள். பதிலுக்கு நான் சனிக்கிழமைகளில் அவருக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்லி, படிவங்களை நிரப்பிக் கொடுப்பேன். ஒருவருக்கொருவர் நன்றி சொல்லத் தேவையில்லாத ஏற்பாடு. ஆனாலும் நான் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் சொல்லுவேன்.

விமானச் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் ஒன்றரை வருடம் விண்ணப்பம் எழுதியே கழித்தவள் நான். ஊரில் பட்டம் எடுத்தவள் என்பதை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுதி, ஒவ்வொரு பதிலிலும் 'இந்த நாட்டு அனுபவம்' இல்லை என்று வாசித்தவள். ஆகவே பின்வீட்டுக் கதவு மூடினால் என் வேலையும் போய்விடும் என்பது எனக்கு எப்போதும் நினைவில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மகளின் பையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. நசிந்த வாழைப்பழம் அதில் ஒட்டியிருந்தது. வகுப்பில் பழைய சீனாவைப்பற்றிப் படிக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் அந்தக் காலத்து உடையில் வரவேண்டும். வீட்டில் இருப்பதைக்கொண்டு செய்தால் போதும், செலவு செய்யவேண்டாம் என்று ஆசிரியை அடியில் எழுதியிருந்தார். 'செலவு செய்யவேண்டாம்' என்பதை வாசித்தவுடன் எனக்கு, மற்றத் தாய்மார் எல்லோரும் செலவு செய்யப்போகிறார்கள் என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். வெளியே கொண்டுபோக முடியாத பெரிய புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். பக்கம் பக்கமாகப் படங்கள். நான் எதிர்பார்த்த உடை அதில் இல்லை. சினிமாவில் வருவதுபோல் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிற காலர் இல்லை, பக்கவாட்டில் துணிப் பொத்தான்கள் இல்லை. அவையெல்லாம் மிகப் பிந்தி வந்தவையாம். பழைய உடையில் பொத்தானே கிடையாது. நேராக வெட்டிய துணி. முன்பக்கம் இரண்டாகத் திறந்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வந்து, பக்கத்தில் நாடாவால் கட்டப்படுகிறது. கழுத்தோரம் முழுவதும் வேறு நிறத்தில் அகலமான கரை. கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு நீண்ட கை. தொங்கவிட்டால் முழங்காலைத் தொடும் அகலம். கீழே சுற்றிக் கட்டுகிற பாவாடை, இடுப்பில் ஒரு பட்டை. இவ்வளவுதான். சேலையைப் போலவே துணி மடிந்து விழுவதை நம்பி இருக்கிற உடை. எனக்கு அது பிடித்திருந்தது. தைக்க முடியும் என்று தோன்றியதால் இன்னும் பிடித்திருந்தது.

படம் இருந்த பக்கத்தையும் எதிர்ப் பக்கத்தையும் ஒரே தாளில் போட்டோக்கொப்பி எடுத்தேன். எதிர்ப் பக்கம் முழுவதும் சின்ன எழுத்து. பிறகு வாசிக்கலாம் என்று மடித்து வைத்தேன்.

வெள்ளை கூடாது என்பது எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்களுக்கும் அது துக்கத்தின் நிறம் என்று எங்கோ வாசித்திருந்தேன். அதை நினைவில் வைத்திருந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். கலியாணத்துக்கு யாரோ தந்த, எனக்கு ஒருநாளும் பிடிக்காத பாசிப்பச்சைப் பட்டுச் சேலை ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதை வெட்டினேன். கரைக்குக் கணவரின் பழைய கறுப்புக் காற்சட்டை உதவியது. திங்கள் முதல் புதன் வரை சாப்பாட்டுக்குப் பிறகு மேசையைத் துடைத்துவிட்டுத் தைத்தேன். கையால்தான். தையல் இயந்திரம் வாங்குவதை நிரந்தர வேலைக்குப் பிறகு என்று தள்ளி வைத்திருந்தோம்.

ஒரே ஒரு இடத்தில்தான் தடங்கியது. எந்தப் பக்கம் மேலே வரவேண்டும்?

படத்தில் இருந்தவர் தாடி வைத்த ஆண். அவருடைய இடது பக்கத் துணி மேலே வந்து வலது பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. நான் மனையியல் படித்தவள். ஆண்களின் சட்டைக்கு இடது மேல், பெண்களின் சட்டைக்கு வலது மேல் என்பது எங்கள் தையல் ஆசிரியை மரக்கோலால் மேசையில் தட்டித் தட்டிச் சொன்ன பாடம். ஒருமுறை மாற்றித் தைத்துவிட்டு, முழுவதையும் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. சேலைக்குப் போடுகிற சட்டையின் கொக்கியும் அப்படித்தானே? ஆகவே பெண்பிள்ளைக்கு வலது மேலே. புத்தகத்தைப் பார்த்து அப்படியே தைக்கிற படிக்காத வேலையை நான் செய்யவில்லை. யோசித்து மாற்றினேன்.

வியாழக்கிழமை காலை நாடா வைத்துக்கொண்டிருந்தபோது கணவர் எழும்பி வந்தார். போட்டோக்கொப்பியையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்தில இருக்கிற மாதிரி இல்லையே இது. பக்கம் மாறிக் கிடக்கு."

"அது ஆம்பிளையின்ர படம். பொம்பிளைப் பிள்ளைக்கு வலதுதான் மேல வரவேணும்."

"ஆர் சொன்னது?"

"எங்கட தையல் ரீச்சர்."

"அப்ப அந்தக் காலத்துச் சீனாக்காரருக்கும் உம்மட ரீச்சரோ படிப்பிச்சவ?"

"பகிடி விடாதேங்கோ. எனக்கு பஸ் போயிடும்."

"பின்வீட்டு அக்காவை ஒருக்காக் கேட்டா முடிஞ்சுது. பத்தடி தூரம்."

"அவவுக்கு எட்டு மாசம். கேட்டா, தானே தைச்சுத் தாறன் எண்டு நிப்பா. பிறகு கால் வீங்கினா அதுவும் என்ர தலையில."

"சரி சரி. நீர் சொன்னா மூவாயிரம் வருசமும் மாறித்தான் கட்டினவங்கள்." அவர் தேநீர் போடப் போய்விட்டார்.

கேட்டிருக்கலாம். சனிக்கிழமை அவருடைய மேசையில் இருந்து மருத்துவமனைக் கடிதத்தை வாசித்துச் சொன்னபோதுகூட வாய் வரை வந்தது. உங்கள் ஊர் உடையையே எனக்குத் தெரியாது என்று அவர் முன்னால் நிற்க மனம் வரவில்லை என்பதும் உண்மை. கடிதம் வாசிக்கத் தெரிந்தவள் என்ற ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை.

மகளுக்கு அன்றே ஆன்ரிக்குக் காட்டவேண்டும். பிடிவாதம் பிடித்தாள். பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கொடுத்தேன். எப்படிக் கட்டுவது என்று கண்ணாடியின் முன்னால் நிறுத்திப் பழக்கினேன்.

"இந்தப் பக்கம் கீழ. இது மேல. நாடாவை ரெண்டு முடிச்சுப் போட்டு இழுத்து இறுக்கு."

"அம்மா, கான் ஐ டூ அ போ? லைக் மை ஷூஸ்?"

"வேண்டாம் குஞ்சு. சப்பாத்து மாதிரிப் பூ முடிச்சுப் போட்டா ஓடேக்க அவிண்டிடும். ரெண்டு முடிச்சு. எங்க, செய் பாப்பம்."

செய்தாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, நான் சொன்னபடியே.

அன்று மாலை ஏற்றத்தில் ஏறி வந்தபோது மகள் பின்வீட்டு வாசலுக்கு வெளியே, பள்ளிக்கூட உடுப்போடு, படியில் இருந்தாள். வழக்கமாக உள்ளே இருவரும் கடலை உரித்துக்கொண்டு இருப்பார்கள். கதவு பாதி திறந்திருந்தது. நான் வந்த சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். முகம் வெளுத்துப்போய் இருந்தது. பிளாஸ்ரிக் பையைக் கையை நீட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு தந்தார். பையின் வாய் கட்டப்பட்டிருந்தது.

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவருடைய ஆங்கிலம் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும்.

"நாளைக்கு வேண்டாம்," என்றார்.

"உடம்பு சரியில்லையா?"

"பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் வேண்டாம். என் குழந்தை வரட்டும். பிறகு பார்ப்போம். மன்னிக்கவும்."

கதவு மூடியது. உள்ளே சங்கிலி போடுகிற சத்தமும் கேட்டது.

வீட்டுக்கு வரும் அந்தப் பத்தடிக்குள் நான் யோசித்தவை: பச்சை நிறம் ஆகாதோ. பாவித்த துணியில் தைத்தது அவமானமோ. இவர்களுடைய உடையை வேடிக்கைக்குப் போடுகிறோம் என்று கோபமோ. மகள் ஏதாவது உடைத்துவிட்டாளோ.

"என்ன பிள்ளை செய்தனீ?"

"நத்திங்! ஐ ஜஸ்ற் வென்ற் இன் த பாத்ரூம் அன்ட் புட் இட் ஒன். ஜஸ்ற் லைக் யூ ஸெட். அன்ட் ஷீ ஸ்க்ரீம்ட்."

"ஏன் கத்தினவா?"

"ஐ டோன்ற் நோ! ஷீ ஸெட் ஒஃப், ஒஃப், ஒஃப். அன்ட் ஷீ குடின்ற் அன்டூ இட், ஸோ ஷீ கட் இட்." பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "ஐ டிட் த டூ நொட்ஸ், அம்மா. ஐ டிட் இட் ப்ரொப்பர்லி."

பையை அவிழ்த்துப் பார்த்தேன். நாடா கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. முடிச்சு அப்படியே இறுகிக் கிடந்தது.

அப்போதுதான் அந்தப் போட்டோக்கொப்பியின் மற்றப் பாதியை எடுத்து வாசித்தேன். குசினி மேசையில், கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல். இரண்டாவது பந்தியிலேயே இருந்தது. ஆணானாலும் பெண்ணானாலும் இடது பக்கம் மேலே வந்து வலது பக்கத்தில் கட்டப்படும். மாற்றிக் கட்டுகிறவர்கள் இரண்டு வகையினர்: எல்லைக்கு வெளியே வாழ்ந்த அந்நியர்கள், மற்றது இறந்தவர்கள். இறந்தவரின் உடையை இழுத்தால் அவிழும்படி கட்டுவதில்லை. அவிழாத முடிச்சாகப் போடுவார்கள்.

இறந்தவரின் முடிச்சு என்ற இடத்தை மூன்று தரம் வாசித்தேன்.

என் கையால் அளந்து, என் கையால் வெட்டி, என் பிள்ளைக்குப் பிரேத உடை தைத்திருக்கிறேன். கண்ணாடியின் முன்னால் நிறுத்தி, அதை எப்படிக் கட்டுவது என்றும் பழக்கியிருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு அவள் ஒரு பிள்ளைத்தாச்சியின் வீட்டுக்குள் நடந்து வந்திருக்கிறாள்.

எங்களுக்கு மட்டும் வேறா? செத்த வீட்டில் எல்லாமே மாறித்தான் நடக்கும். கோயிலை வலமாகச் சுற்றுகிற நாங்கள் பிரேதத்தை இடமாகச் சுற்றுகிறோம். மகள் வயிற்றில் இருந்தபோது, ஒழுங்கையால் போகிற பிரேத ஊர்வலத்தை யன்னலால் பார்க்கக்கூட என்னை விடவில்லை. அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தினார்கள். பறைச் சத்தம் கேட்கக்கூடாது என்று வானொலியை உரக்க வைத்தார்கள். படித்த குடும்பம்தான். நானும் படித்தவள்தான். பேசாமல் அறைக்குள் இருந்தேன். அப்படி இருந்தவள் பின்வீட்டுச் சங்கிலிச் சத்தத்துக்கு எப்படிக் கோபப்படுவது?

மகளைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் வார்த்தேன்.

"இட்ஸ் நொட் ஹெயார் டே!" அன்று தலைமுழுகுகிற நாள் இல்லையாம்.

"பேசாம நில்."

துவட்டும்போது அவளுக்குத் தும்மல் வந்தது. குளிரில் முழுக வார்த்துவிட்டேனே, காய்ச்சல் வந்தால் நாளைக்கு என்ன செய்வது என்று அடுத்த பயம் வந்தது.

பிறகு அவளைத் தொலைக்காட்சியின் முன்னால் இருத்திவிட்டுப் பின்வீட்டுக்குப் போனேன். இரண்டு வீட்டுக் கதவையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியபடி படியில் சாய்ந்து நின்று தட்டினேன். சங்கிலியின் நீளத்துக்குக் கதவு திறந்தது.

"வாசித்தேன்," என்றேன். "எனக்குத் தெரியாது. மன்னியுங்கள்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் அம்மா," என்றார். "போன வருடம். நான் கட்டினேன். என் அத்தை சொன்னார், இந்தப் பக்கம் மேலே, இரண்டு முடிச்சு, இறுக்கு. நான் இறுக்கினேன். இன்று உன் மகள் குளியலறையிலிருந்து வந்தாள். அதே பக்கம். அதே முடிச்சு. சிரித்துக்கொண்டு வந்தாள்."

எனக்கு விளக்கவேண்டும்போல் இருந்தது. எங்கள் பெண்களின் சட்டைக்கு வலது பக்கம்தான் மேலே வரும், கொக்கி அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படிப்பித்தார்கள். 'எங்கள் சட்டை' என்று தொடங்கினேன். அவருடைய மற்றக் கை வயிற்றின்மேல் இருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"நீ தெரியாமல் செய்தாய். எனக்குத் தெரியும்," என்றார் அவர். "என் வயிற்றுக்குத் தெரியாது."

"சரி," என்று சொல்லிவிட்டு வந்தேன். பழக்கதோஷத்தில் 'தாங்க்யூ' என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து நாடாக்களைப் பிரித்து, வெட்டுப்பட்டதற்குப் புது நாடா வைத்து, பக்கம் மாற்றித் தைத்தேன். முதல் தையலின் ஓட்டைகள் பட்டில் அப்படியே தெரிந்தன. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாதது இன்னும் களைப்பாக இருந்தது. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

"இண்டைக்கு மூண்டு மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"நான் கேட்டுப்பாக்கிறன்."

"திங்கக்கிழமைக்கு?"

நான் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் இருந்தேன். நூல் ஏற்கெனவே கோர்த்துத்தான் இருந்தது.

அலுவலகத்தில் பத்து மணி வரை கேட்பதா விடுவதா என்று இருந்தேன். பிறகு மேற்பார்வையாளரிடம் போனேன். கெட்ட மனிதர் அல்ல. எதையும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே கதைப்பார்.

"இன்று இரண்டு மணிக்குப் போகலாம்," என்றார். "திங்கள்?"

"இன்னும் தெரியவில்லை. பிள்ளையைப் பார்க்கிற பெண்ணுக்கு முடியவில்லை."

"திங்கள் காலை எனக்குத் தெரியவேண்டும். ஐந்து மணி வரை இருக்கக்கூடிய ஆள் வேண்டும் என்றுதான் எடுத்தோம்."

"ஓம்," என்றேன், ஆங்கிலத்தில் சொல்வதை மறந்து.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மலேசியத் தமிழ்க் குடும்பம் ஒன்று இரண்டு தெரு தள்ளி இருந்தது. அந்த அம்மாவிடம் கேட்கலாம். ஆனால் அவருக்கும் வேலை. காலையில் மட்டும் செய்கிற வேறு வேலை தேடலாம். அதற்கு இன்னும் ஒன்றரை வருட விண்ணப்பம். யோசித்து யோசித்து இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி நடந்தேன்.

பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது மூன்று மணி ஆகிச் சில நிமிடங்கள். வேலியோரம் பின்வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தார். வயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. இரவு நித்திரை இல்லை என்று முகத்தில் தெரிந்தது. என் முகத்திலும் தெரிந்திருக்கும்.

"நீங்கள் ஏன் வந்தீர்கள்?"

"மூன்று மணி. நீ வேலையில். பிள்ளை தனியே நிற்கும்." அவர் தோளை உயர்த்தினார். "அது கூடாது."

நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்புக் கதவு திறந்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தகப்பன்மாரின் குளியல் அங்கிகள், திரைச்சீலைகள், மேசைவிரிப்புகள், ஒரு பிள்ளைக்கு யாரோ கராட்டி உடுப்பையே கொடுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் என் பச்சைப் பட்டு. மகள் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

வலது பக்கம் மேலே இருந்தது.

காலையில் நான் இடது பக்கத்தை மேலே வைத்துத்தான் கட்டி அனுப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன், நேரே பார்த்தேன், போட்டோக்கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இப்போது வலது பக்கம் மேலே. இரண்டு முடிச்சு.

ஆசிரியை பின்னாலேயே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு அழகான துணி! பாவம், பையன்களின் பக்கமாகக் கட்டியிருந்தது. நான் சரிசெய்துவிட்டேன். ஓடும்போது அவிழாமல் இரண்டு முடிச்சும் போட்டேன்."

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது. "தாங்க்யூ," என்றேன். பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. திரும்பினேன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றப் பிள்ளைகளைப் பார்த்தார். மெல்ல ஒரு விரலை உயர்த்தினார்.

"அவன் செத்தவன்," என்றார், குளியல் அங்கியில் ரொட்டி தின்றுகொண்டு போன ஒருவனைக் காட்டி. "அவள் செத்தவள். அவன், இல்லை, அவன் உயிர். அது திரைச்சீலை, தெரியாது. இந்த இரண்டு பேரும் செத்தவர்கள்." விரல் ஆசிரியையிடம் வந்து நின்றது. அவர் தன் பங்குக்கு ஒரு பூப்போட்ட அங்கியைப் பெண்கள் பக்கமாகவே கட்டியிருந்தார். "ரீச்சரும் செத்துப்போனார்."

ஆசிரியை எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

பின்வீட்டுப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்தது. பிறகு அடக்கமுடியாமல் வேலியில் சாய்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழந்தை இங்கேயே பிறந்துவிடப்போகிறது என்று எனக்கு உதறியது. நான் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

"வட்ஸ் ஃபன்னி?" என்று மகள் கேட்டாள்.

"இங்கே வா," என்றார் அவர். புல்லில் இருக்க முயன்று, முடியாமல், வேலியின் அடிக்கட்டையில் அமர்ந்தார். மகளைத் தன் இரண்டு முழங்காலுக்கு இடையில் நிறுத்தினார். நகத்தால் முடிச்சைக் கிளறினார். நான் உதவப் போனேன்.

"வேண்டாம். நான்."

நேரம் எடுத்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். முடிச்சு அவிழ்ந்ததும் துணியை நன்றாக விரித்து, வலது பக்கத்தை உள்ளே மடித்து, இடது பக்கத்தை மேலே கொண்டுவந்து, கறுப்புக் கரை கழுத்தில் ஒழுங்காக விழும்படி இருமுறை நீவினார். நாடாவை ஒரு முடிச்சுப் போட்டு, சப்பாத்து நாடாவுக்குப் போடுவதுபோல் ஒரு காதை மட்டும் தொங்கவிட்டார்.

"இதை இழு," என்றார் மகளிடம்.

இழுத்தாள். அவிழ்ந்தது.

"உயிரோடு இருப்பவர் கழற்றவேண்டும். குளிக்கவேண்டும். தூங்கவேண்டும். அதனால் இழுத்தால் வரவேண்டும்." மறுபடி கட்டினார். "இப்போது நீ."

"ஐ ஸெட் அ போ," என்று மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஐ ஸெட் ஸோ, அம்மா."

"ஓம், சொன்னனீதான்."

மூன்று பேரும் மெதுவாக நடந்தோம். ஏற்றத்தில் அவருக்கு இரண்டு இடத்தில் நிற்கவேண்டி இருந்தது. மகள் வழி முழுவதும் நாடாவை இழுத்து அவிழ்ப்பதும் கட்டுவதுமாக வந்தாள். ஒவ்வொரு தரமும் அவர் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவரிடம் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு கை வயிற்றைவிட்டு எடுபடவே இல்லை. நான் திங்கட்கிழமையைப்பற்றிக் கேட்கவேண்டும். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ. கேட்காவிட்டால் மேற்பார்வையாளரிடம் என்ன சொல்வது. தபால் பெட்டி வரை வந்தும் வாய் திறக்கவில்லை. சிமெந்துப் பாதையில் எங்கள் வாசல் வந்துவிட்டது. மகள் வழக்கம்போல என் பக்கம் திரும்பாமல் அவரோடு பின்வீட்டுப் பக்கமாகப் போனாள். அவர் அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

கதவைத் திறந்துகொண்டு அவர்தான் திரும்பிப் பார்த்தார்.

"உன் முகம் நன்றாக இல்லை. போய்ப் படு. இவள் இங்கே இருக்கட்டும்." பிறகு, "திங்கட்கிழமை," என்றார். "ஜீன்ஸ் போட்டு அனுப்பு."

நான் வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன். பகல் நேரத்தில் அந்த வீட்டில் நான் தனியே படுத்தது அதுதான் முதல் தரம். நித்திரை வரவில்லை. மகளிடம் இருந்தது ஒரே ஒரு ஜீன்ஸ், அதுவும் முழங்காலில் கிழிந்தது. ஒட்டுப்போட்டு அனுப்புவதா, அப்படியே விடுவதா, ஒட்டுப்போட்ட உடுப்புக்கு அவர்களிடம் ஏதாவது அர்த்தம் இருக்குமா, இதை முன்கூட்டியே போய்க் கேட்டுவிடலாமா என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.